நிரூபிக்கும் சுமையை எங்கள் தோளில் வைக்காதீர்கள்

சுகாதாரச் சட்டங்களை வரையும் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு வார்டு செவிலியர். அலாரம் ஒலிக்காத மானிட்டரையும், ஒரே மாதிரியான குப்பிகளில் அருகருகே வைக்கப்பட்ட இருவேறு மருந்துகளையும் பெரும்பாலும் முதலில் பார்ப்பவர்கள் நாங்கள்தான். பார்த்ததை எழுதிக் கொடுப்பது கடமை என்று பயிற்சிக் காலத்திலேயே கற்றுக்கொண்டோம். எழுதிக் கொடுத்தவருக்கு என்ன நேரும் என்பதைப் பணிக்கு வந்த பிறகுதான் அறிந்தோம்.

புகார் கொடுத்ததற்காகத் தண்டிக்கிறோம் என்று எவரும் எழுதித் தருவதில்லை. இரவுப் பணி தொடர்ந்து விழும். பழகிய பிரிவிலிருந்து மாற்றுவார்கள். அதுவரை எவரும் பொருட்படுத்தாத ஒரு பதிவேட்டுக் கையெழுத்துக்கு விளக்கம் கேட்டு மெமோ வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிர்வாகக் காரணம் தயாராக இருக்கும். கோப்புகள் எல்லாம் அவர்களிடம் இருக்கும்போது, இது பழிவாங்கல்தான் என்று நாங்கள் எதை வைத்து நிரூபிப்பது?

இதற்கு வழி இருக்கிறது. புகார் கொடுத்த 120 நாட்களுக்குள், அதை அறிந்த நிர்வாகம் பணியாளருக்குப் பாதகமாக நடந்துகொண்டால், அதைப் பழிவாங்கல் என்றே கலிஃபோர்னியாவின் சட்டம் முதலில் கொள்கிறது. இல்லையென்று காட்ட வேண்டியது மருத்துவமனையின் பொறுப்பு. புகார் கொடுப்பவர்களைக் காக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு நெறியாணையும் நிரூபிக்கும் சுமையை நிர்வாகத்தின் பக்கமே வைக்கிறது.

பெயரை மறைத்து எழுதலாமே என்பார்கள். 2009இல் டெக்சாஸில் இரண்டு செவிலியர்கள் ஒரு மருத்துவரைப் பற்றி மாநில மருத்துவ வாரியத்துக்கு அப்படித்தான் எழுதினார்கள். அந்தப் பகுதியின் காவல் தலைவரான ஷெரீஃப் அவர்களைத் தேடிப் பிடித்தார். வேலை போனது, குற்ற வழக்கும் வந்தது. ஒருவர் மீதான வழக்கு விசாரணைக்கு முன்பே கைவிடப்பட்டது. மற்றவரை 2010இல் ஜூரி ஒரு மணி நேரத்துக்குள் விடுவித்தது. அதுவரை அவர்கள் பட்ட பாட்டை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது. ஆகவே, வழக்கு முடியும்வரை வேலையும் சம்பளமும் தொடர வேண்டும் என்றும் எழுதுங்கள்.

பேசியவரின் சொல் கேட்கப்படாவிட்டால் நோயாளிக்கு என்ன ஆகும்? இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சை பற்றி மயக்க மருத்துவர் ஸ்டீபன் போல்சின் மீண்டும் மீண்டும் எச்சரித்தார். 1991க்கும் 1995க்கும் இடையில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில், எதிர்பார்க்கக்கூடியதைவிட 30 முதல் 35 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று 2001இல் வெளிவந்த விசாரணை அறிக்கை கூறியது. அந்த எண்ணை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

இன்னொன்று. எல்லாப் புகாரும் சரியாக இருக்காது. மருந்து செலுத்தும் பம்ப் ஒன்று பழுது என்று நான் ஒருமுறை எழுதினேன். சோதித்தபோது அது சரியாகவே இயங்கியது. என் மேற்பார்வையாளர் கடிந்துகொள்ளவில்லை, நன்றி சொன்னார். அதனால்தான் அடுத்த பழுதையும் எழுதினேன். அது உண்மையான பழுது. நல்லெண்ணத்தோடு, நியாயமான காரணத்தோடு சொன்னவர் தவறாகச் சொல்லியிருந்தாலும் காக்கப்படுவார் என்ற வரியை வரைவில் சேருங்கள். அந்த மேற்பார்வையாளர் எல்லா வார்டிலும் இருக்க மாட்டார்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்