ஜெயாவுக்கு, காசிமேட்டிலிருந்து

அன்புள்ள ஜெயா,

எல்லோரும் சௌக்கியம்தானே? வசந்தி பெண்ணுக்குத் தையில் கல்யாணம். நீ வராவிட்டால் அவள் சும்மா விடமாட்டாள், அந்த வளையல் கணக்கு இன்னும் பாக்கி.

கனகா பெரியம்மா தவறிவிட்டார். நம் தெருவில் ஒப்பாரி எடுத்துக் கொடுக்கிற குரல் அதுதானே. 2004 சுனாமியில் போன மகனின் உடல் கிடைக்கவே இல்லை. அதற்கப்புறம் யார் வீட்டுச் சாவில் பாடினாலும் நடுவில் அவன் பெயர் வந்துவிடும். உடனே சுற்றி உட்கார்ந்திருப்பவர்களும் கடலுக்குக் கொடுத்த தங்கள் ஆள் பெயரைச் சேர்ப்பார்கள்.

ராத்திரி மரண கானாவுக்குப் பையன்கள் வந்தார்கள். நன்றாகத்தான் பாடினார்கள். ஆனால் அந்த மகன் பெயர் அவர்களுக்குத் தெரியவில்லை. பெண்கள் பக்கத்திலும் எடுத்துக் கொடுக்க ஆளில்லை. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது, ஜெயா.

என் மகள் சிலி நாட்டைப் பற்றிப் படித்துக் காட்டினாள். 1973 செப்டம்பர் 11 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு இழுத்துக்கொண்டு போன பலர் வீடு திரும்பவே இல்லையாம். சாந்தியாகோ பெண்கள் சாக்குத் துணியில் துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு அந்தக் கதையைப் படமாகத் தைத்தார்கள். சிலர் காணாமல் போனவரின் சட்டையையே வெட்டித் தைத்திருக்கிறார்கள். சர்ச்சின் உதவியோடு அந்தத் துணிகள் வெளிநாடு போய்ச் சேர்ந்தன. குவேக்கா என்று ஒரு ஆட்டம், ஆணும் பெண்ணும் கைக்குட்டை வீசி ஜோடியாக ஆடுவது. கணவனைப் பறிகொடுத்தவள் அவன் படத்தை நெஞ்சில் குத்திக்கொண்டு தனியாக ஆடினாள். 1979இல் அதே ராணுவ அரசு குவேக்காவைத் தேசிய நடனமாக அறிவித்தது!

ராணுவம் செய்ததும் கடல் செய்ததும் ஒன்றில்லை. அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் கண்ணெதிரே இருந்தான், அவனிடம் நியாயம் கேட்டுத்தான் தைத்தார்கள். நாம் யாரைக் கேட்பது? ஆனால் உடல் வராத வீட்டில் காரியம் முடிவதே இல்லை, அங்கேயும் இங்கேயும். அவர்கள் துணியாவது மிஞ்சியது. பெரியம்மா பாட்டு மூச்சோடு போய்விட்டது.

முழுக்கப் போகவில்லை. உன் அம்மாவுக்குத் தெரியும், பக்கத்திலேயே உட்கார்ந்து பாடியவர். சும்மா இருக்கிற நாளில் ஒப்பாரி வைத்தால் வீட்டுக்கு ஆகாது என்பார், அதுவும் சரிதான். டிசம்பர் 26 அன்று கடலில் பால் ஊற்றுவோமே, அன்றைக்குக் கரையில் பாடினால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். என் மகள் பதிவு செய்துகொள்வாள். கானாப் பையன்களையும் வரச் சொல்லியிருக்கிறேன், பெயர்களைக் கேட்டுக்கொள்ளட்டும்.

அம்மாவை அழைத்துக்கொண்டு 24ஆம் தேதியே வந்துவிடு. கல்யாணம் வரை இருவரும் என் வீட்டில்தான்.

அன்புடன்,
புஷ்பா