சால்மன் வேண்டாம், தேதி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்காட்லாந்தின் உயர்தர உணவகம் ஒன்றைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரைக்கு ஒரு திருத்தம். ஆற்றில் பிடித்த காட்டு சால்மன் தட்டுக்கு வந்ததாக அதில் இருந்தது. அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. தூண்டிலில் பிடித்த சால்மனை விற்கக் கூடாது என்று அங்கே 2002-லேயே தடை வந்துவிட்டது. 2016-இல் கடலோர வலைகளையும் நிறுத்திவிட்டார்கள். இன்று 'ஸ்காட்டிஷ் சால்மன்' என்று பரிமாறுவது ஏறக்குறைய முழுக்க, கடற்கழிகளில் கூண்டு கட்டி வளர்த்த மீன்தான். வளர்ப்பு மீன் என்பதாலேயே மட்டமாகிவிடாது. ஆனால் அது பன்னிரண்டு மாதமும் கிடைக்கும். பருவ உணவு என்ற தலைப்பின் கீழ் பருவமே இல்லாத மீனைப் போட்டதுதான் இடிக்கிறது.

அங்கே பருவம் என்பது நாள் குறித்த விஷயம். க்ரவுஸ் என்று ஒரு பறவை, நம் கௌதாரிக்குத் தூரத்து உறவு. ஹெதர் புதர் மண்டிய மேட்டு நிலத்தில் தானாக வளர்வது, பண்ணையில் கிடைக்காது. ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரைதான் சுடலாம். சீசன் தொடக்கத்தில் இளம் பறவையை முழுசாக வாட்டி, நடுவில் லேசாகச் சிவந்திருக்கும்போதே பரிமாறுவார்கள். நவம்பர் வாக்கில் முற்றல் பறவை வரும். அதை வாட்டினால் பல்லுக்கு அடங்காது, சாறு விட்டு நெடுநேரம் வேகவைக்க வேண்டும். சதைக்குள் மிளகைவிடச் சிறிய துப்பாக்கி ரவை தங்கியிருக்கலாம். மெனுவிலேயே எச்சரிக்கை போட்டிருப்பார்கள், படிக்காமல் கடித்தால் பல் பத்திரமில்லை. ஃபெசன்ட் பறவைக்கு அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை. பெண் செம்மானுக்கு அக்டோபர் 21 முதல் பிப்ரவரி 15 வரை. வசந்தத்தில் காட்டுப் பூண்டு இலை, மே மாதம் ஏர்ஷயர் புது உருளை, ஜூலையில் பிளேர்கவ்ரி பக்கத்து ராஸ்பெரி, கோடை கடைசியில் சாந்தரெல் காளான். குளிர் வந்துவிட்டால் காய் என்று கிழங்கும் கோசும்தான். சமையல்காரரின் கைத்திறனைப் பார்க்க வேண்டுமானால் ஜூலையில் போவதைவிடப் பிப்ரவரியில் போவது மேல் என்பது எங்கள் எண்ணம்.

'இத்தனை பவுண்டு வாங்கிக்கொண்டு இத்தனூண்டு சாப்பாடா' என்று கேட்டு வந்த வாசகர் கடிதத்துக்கும் ஒரு வார்த்தை. டேஸ்டிங் மெனு என்பது ஆறேழு சுற்று, மூன்று மணி நேரம். ஒவ்வொன்றும் நாலு வாய்தான், ஆனால் எழும்போது வயிறு நிறைந்திருக்கும். முதலில் வரும் ரொட்டியையும் வெண்ணெயையும் பசியில் காலி செய்துவிட்டால் ஐந்தாவது சுற்றில் திணறிப்போவீர்கள். எடின்பரோ, கிளாஸ்கோவில் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் ஒன்றை மறக்கக் கூடாது: மாடும் பன்றியும் ஆகாது என்றால் இடம் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். மேசையில் உட்கார்ந்த பிறகு சொல்லிப் பயனில்லை. மீனுக்கு ஊற்றும் சாஸில்கூட மாட்டெலும்புச் சாறு இருக்கலாம். அதை முந்தைய நாளே சுண்ட வைத்திருப்பார்கள், கடைசி நேரத்தில் பிரித்தெடுக்க முடியாது. பிளாக் புட்டிங் என்பது ரத்தமும் ஓட்ஸும் கொழுப்பும் சேர்ந்தது, பெரும்பாலும் பன்றி ரத்தம். முன்பதிவுக்கு கார்டு எண் கேட்பார்கள். கடைசி நேரத்தில் வராமல் போனால் பணம் பிடித்துக்கொள்வார்கள், விதி பதிவிலேயே எழுதியிருக்கும். பில்லில் பத்து, பன்னிரண்டரை சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேர்ந்திருந்தால் தனியாக டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை.

இனி நம்ம ஏரியாவுக்கு வருவோம்.

ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல் மூன்றையும் வேகவைத்துக் கொத்தி, ஓட்ஸ், வெங்காயம், கொழுப்பு, மிளகு சேர்த்து, ஆட்டு இரைப்பையில் அடைத்து அவிப்பது ஹேகிஸ். ஜனவரி 25 இரவு அந்நாட்டுக் கவிஞரின் பிறந்தநாளுக்கு அதைத் தட்டில் ஏந்தி, வாத்தியம் முழங்க ஊர்வலமாகக் கொண்டுவந்து வைப்பார்கள். நட்சத்திர உணவகத்தில் அதையே எலுமிச்சை அளவு உருட்டிப் பொரித்து முதல் சுற்றில் தருவதும் உண்டு. வண்ணாரப்பேட்டை தள்ளுவண்டியில் போட்டியும் ஈரலும் ரத்தப் பொரியலும் இதே சாமான்தான். அங்கே 'லோக்கல்' என்று எழுதினால் விலை ஏறுகிறது. இங்கே அந்தச் சொல்லே வசவு.

எடின்பரோவின் துறைமுகம் லீத். கிடங்கும் கப்பல் பட்டறையுமாக இருந்து நொடித்துப்போன இடம். 1999-இல் மார்ட்டின் விஷார்ட் அங்கே கரையோரம் கடை திறந்தார், 2001-இல் மிஷலின் உணவக வழிகாட்டியின் நட்சத்திரம் வந்தது. 2006-இல் டாம் கிச்சின் ஒரு பழைய விஸ்கிக் கிடங்கில் தொடங்கினார், மறுவருடமே நட்சத்திரம். அந்தக் கடையில் எந்தப் பொருள் எந்த ஊரிலிருந்து வந்தது என்று காட்டும் வரைபடத்தைச் சாப்பிட வருபவர் கையில் கொடுப்பார்கள். 1856-இல் திறந்த ரயில் நிலையமும் பழைய கிடங்குகளும் காசிமேடு ஏலமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ராயபுரத்துக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி வேண்டுமா? ஆனால் நம் நகரத்தில் 'ஸ்காட்லாந்து பருவ விருந்து' நடத்த நினைப்பவர்களுக்கு முதலில் தோன்றுவது விமானத்தில் சால்மன் இறக்கும் யோசனைதான். இறக்க வேண்டியது மீன் இல்லை, முறை.

லாங்குஸ்டீனைப் பாருங்கள். சிங்கி இறாலின் மெலிந்த தம்பி மாதிரி இருக்கும். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் கூண்டு போட்டு உயிரோடு பிடிப்பதை, ஒன்றையொன்று கடிக்காதபடி தனித்தனிக் குழாய் அறையில் நிறுத்தி அனுப்புகிறார்கள். இழுவலையில் வருவது நசுங்கி, செத்து வரும், விலையும் குறைவு. செத்தவுடன் தலைக்குள் இருக்கும் நொதி வாலுக்கு இறங்கிச் சதையைக் கூழாக்கிவிடும். இறாலிலும் இதே கதைதான் என்பது காசிமேட்டில் இறால் உரிக்கும் எந்தப் பெண்ணுக்கும் தெரியும். தெரியாதது சாப்பிட வருபவருக்கு. அவருக்கு 'ஃப்ரெஷ்' என்ற ஒரே வார்த்தைதான் கிடைக்கிறது.

'காசிமேட்டு மீன்' என்று போர்டு வைத்தால் போதாது. தங்கல் போட்டு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி வரும் விசைப்படகில் முதல் நாள் பிடித்த மீன், கரைக்கு வரும்போது பத்து நாளைத் தாண்டியிருக்கும். ஃபைபர் படகில் விடியலில் வரும் நெத்திலியும் கவலை மீனும் சில மணி நேரத்துச் சரக்கு. இரண்டும் ஒரே ஏலக்கூடத்தில் இறங்குகின்றன. தங்கல் மீன் கெட்டது என்று சொல்லவில்லை. கிலோவுக்குக் கிலோ ஐஸ் போட்டு, உருகிய தண்ணீர் வடிய வழி விட்டிருந்தால் குழம்புக்குக் குறையில்லை. தண்ணீரில் ஊறினால்தான் செவுள் வெளுத்து, சதை தொளதொளக்கும். அதை எண்ணெயில் போட்டு மொறுமொறுப்பாக்கி மறைக்கலாம். ஆவியில் வேகவைத்தால் வாய்க்கு உடனே தெரிந்துவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கடலில் விசைப்படகுக்குத் தடை. மேற்குக் கடலில் ஜூனில் தொடங்குவதால், அந்த மாதம் இரண்டாம் வாரத்தில் இரண்டு பக்கமும் அடைபட்டிருக்கும். அந்த வாரத்திலும் பெரிய ஓட்டல்களின் மெனுவில் வஞ்சிரம், வவ்வால், சிங்கி எல்லாம் வரிசையாக நிற்கின்றன. ஃப்ரீஸரில் வைத்ததை ஃப்ரீஸரில் வைத்தது என்று சொல்வதில் என்ன கூச்சம்? தடைக்காலத்துக்கென்றே ஒரு மெனு போடலாம்: ஃபைபர் படகு மீன், பழவேற்காட்டு நண்டு, மடவை, ஆடிக் கூழுக்குப் போடுகிற மாதிரி மொச்சைக் கருவாட்டுக் குழம்பு, கடைசியில் நுங்கு. எண்ணூர் கழிமுகத்துச் சரக்கு என்றால் எங்கே வலை போட்டது என்று கேட்டே வாங்க வேண்டும். அங்கே அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருப்பது ஊரறிந்த சங்கதி.

ஸ்காட்லாந்திலிருந்து நேராக எடுத்துக்கொள்ளத் தக்கது புகைமீன். ஆர்ப்ரோத் என்ற ஊரைச் சுற்றி 8 கிலோமீட்டருக்குள் செய்ததற்கு மட்டுமே 'ஆர்ப்ரோத் ஸ்மோக்கி' என்ற பெயர். 2004 முதல் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. ஹேடாக் மீனைத் தலை வாங்கிக் குடல் எடுத்து, உப்பில் புரட்டி வைத்து, கழுவி, ஒரே அளவுள்ள இரண்டை வாலோடு வால் சேர்த்துச் சணலால் கட்டிக் கழியில் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். பிறகு பீப்பாய்க்குள் ஓக் அல்லது பீச் கட்டை கனலும் நெருப்பின் மேல் கழிகளை அடுக்கி, ஈரச் சாக்கால் மூடுவார்கள். ஒரு மணி நேரத்துக்குள் மீன் வெந்து செம்பு நிறமாகிவிடும்.

இங்கே ஹேடாக்குக்குப் பதில் முக்கால் கிலோ அளவு சங்கரா பொருந்தும், கட்டைக்கு பிரியாணி அடுப்புச் சவுக்கு போதும். கெடுவது மூன்று இடத்தில். முதலாவது, உலர்த்துவது. தோல் தொட்டால் ஒட்டுகிற பதத்துக்கு வர வேண்டும். ஈரத்தோடு ஏற்றினால் கரி படிந்து கசக்கும். கடற்கரைப் புழுக்கத்தில் வெளியே தொங்கவிட்டால் உலர்வதற்குள் ஈ மொய்த்துவிடும். குளிர் அறைக்குள் ஒரு சிறிய ஃபேன் வைத்து இரண்டு மணி நேரம் விடுவதே வழி. இரண்டாவது, சாக்கு. காய்ந்துவிட்டால் காற்று புகுந்து தீ எழும்பும், மீன் வாலோடு அறுந்து நெருப்பில் விழும். ஆள் பக்கத்திலேயே நின்று தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்க வேண்டும். மூன்றாவது, கட்டை. பச்சைக் கட்டை நிறையப் புகை விடும், அத்தனையும் கசப்பு. காணாங்கத்தையைப் புகைத்தால் ருசி இன்னும் தூக்கும், ஆனால் பிடித்த நேரத்திலிருந்தே ஐஸில் இருந்ததாக இருக்க வேண்டும். வெயிலில் கிடந்த காணாங்கத்தையில் ஹிஸ்டமின் ஊறும். புகையோ சூடோ அதை அழிக்காது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தடித்து, தலைவலிக்கும்.

அந்த மீனை வைத்தே கலன் ஸ்கிங்க் சூப் செய்யலாம். நாலு பேருக்கு: புகைமீன் 400 கிராம், உருளை 400 கிராம், பெரிய வெங்காயம் ஒன்று, பால் அரை லிட்டருக்குச் சற்று மேல், வெண்ணெய் இரண்டு ஸ்பூன். மீனைப் பாலில் போட்டு, ஓரத்தில் குமிழ் கட்டும்போதே அடுப்பை அணைத்து மூடிவிட வேண்டும். தளதளவென்று கொதித்தால் மீன் நார் நாராகும். பத்து நிமிடம் கழித்து மீனை எடுத்து முள் நீக்கி உதிர்க்கவும். வெங்காயத்தை வெண்ணெயில் நிறம் மாறாமல் வதக்கி, உருளையைத் தண்ணீரில் வேகவைத்துப் பாதியை மசித்து, வடிகட்டிய பாலையும் மீனையும் சேர்த்தால் தீர்ந்தது. மீனிலேயே உப்பு இருப்பதால், ருசி பார்த்த பிறகுதான் உப்பைத் தொட வேண்டும். நம் மாஸ்டர்களுக்குக் கை துறுதுறுக்கும். புளித்தண்ணீர் ஒரு கரண்டி விழுந்தாலும் பால் திரிந்துபோகும்.

கோயம்பேட்டுக் காய்கறி விலையைப் பத்திரிகைகள் தினமும் போடுகின்றன, தங்கம் விலை போடுகிறீர்கள். காசிமேட்டு வரத்தையும் அதே மூலையில் ஆறு வரி போட முடியாதா? விலை இரண்டாம்பட்சம். மீன் பெயர், படகு, கடலில் எத்தனை நாள், அவ்வளவே. மீன்வளத் துறை ஏலக்கூடத்திலேயே ஒரு கரும்பலகை வைத்துவிட்டால் உங்கள் நிருபருக்கும் வேலை மிச்சம். ஓட்டல்காரர் அதைப் பார்த்து மெனு எழுதட்டும். சாப்பிட வருபவரும் அதைப் பார்த்துக் கேட்கட்டும். மாதிரிக்கு ஒன்று:

நெத்திலி, ஃபைபர், இன்று.
காணாங்கத்தை, ஃபைபர், இன்று.
சங்கரா, விசைப்படகு, 4 நாள்.
வஞ்சிரம், விசைப்படகு, 9 நாள்.
வவ்வால், வரத்து இல்லை.

இப்படிக்கு,
சமையல் தொழிலில் உள்ள வாசகர்கள் இருவர்,
ராயபுரம், சென்னை – 13