அமெச்சூர் வானொலி, மின்னணுக் கழகம்: 2024–25 ஆண்டறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

போன ஆண்டறிக்கையில் 'அவசரக் காலத் தொடர்புக்கு நம் கழகம் தயார்' என்று எழுதியவன் நான்தான். அந்த வரியை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றவை அப்புறம்.

நவம்பர் கடைசி வாரம். ஃபெஞ்சல் புயல் என்று பெயர் வைப்பதற்கு முன்பே அந்த மழை நாகை, திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் கொட்டித் தீர்த்து, சம்பா பயிரை முக்கிவிட்டது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்ததை நம்மில் யாரும் மறக்கவில்லை. லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் சாய்ந்து, செல்போன் இருந்தும் வேதாரண்யத்தில் இருக்கும் சொந்தக்காரர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் தவித்தோம். அதனால் தினமும் காலை எட்டு மணிக்கு 40 மீட்டர் அலைவரிசையில் நெட், அதாவது உறுப்பினர்கள் எல்லாரும் ரேடியோவில் கூடிப் பேசுவது, என்று முடிவானது.

முதல் நாள் கழகக் கொட்டகையில் கேட்கவும் பேசவும் ஆகிற ரேடியோ செட்டைப் போட்டேன். எல்லாருடைய குரலும் தெளிவாகக் கேட்டது. மைக்கை அழுத்தி என் கால்சைனில் (உரிமத்தோடு தரும் அழைப்புக் குறியீடு) பாதிகூடச் சொல்லவில்லை, டிஸ்ப்ளே மங்கி செட் அணைந்துவிட்டது. மறுபடி போட்டேன், மறுபடி அணைந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தால், பேட்டரி சும்மா இருக்கும்போதே 11.9 வோல்ட். முழுசாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி 12.7 காட்ட வேண்டும். கேட்கும்போது ஏறக்குறைய ஓர் ஆம்பியர் இழுக்கிற செட், 100 வாட்டில் பேசும்போது 20 ஆம்பியர் கேட்கும். வயசான பேட்டரி எங்கே போகும்? டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. டிஸ்டில்டு வாட்டர் கடைசியாக ஊற்றியது யார் என்று கேட்டேன். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

மன்னார்குடி உறுப்பினர் ஒருவர் தன் டிராக்டர் பேட்டரியைக் கழற்றி, பையனைப் பைக் ஓட்டச் சொல்லி, மடியில் வைத்துக்கொண்டு கொட்டும் மழையில் வந்து சேர்ந்தார். பவரைப் பத்து வாட்டுக்கு இறக்கிவிட்டுப் பேசினோம். நூறிலிருந்து பத்துக்கு இறக்கினால் 10 டெசிபல் போகும், எதிர்முனையில் சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரில் இரண்டு புள்ளிகூடக் குறையாது. அன்றைக்கு ஒருவர்கூட 'கேட்கவில்லை' என்று சொல்லவில்லை. இதை ஏன் முன்பே செய்யவில்லை என்றுதான் எனக்கு வெட்கம்.

30ஆம் தேதி இரவு புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. நம் பக்கம் திரும்பியிருந்தால் இந்த அறிக்கையை வேறு மாதிரி எழுத வேண்டியிருந்திருக்கும். இனி மாதத்தின் முதல் ஞாயிறு பேட்டரி பார்க்கும் நாள். முறைப் பட்டியல் கதவில் ஒட்டியிருக்கிறது. என் பெயர்தான் முதலில்.

ஆன்டெனாவுக்கு உயரம் பத்தவில்லை என்று வருத்தப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு பக்கமும் பத்துப் பத்து மீட்டர் கம்பி விட்ட, 40 மீட்டர் அலைவரிசைக்கான டைபோல் ஆன்டெனாவைத் தென்னை மரத்தில் பதினைந்தடியில் கட்டினாலும், பகலில் அலை நேராக மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டு, சுற்றுவட்டாரம் முழுக்க இறங்கும். கும்பகோணத்திலிருந்து வேதாரண்யம் பேச அது போதும். அமெரிக்காவைப் பிடிக்க வேண்டுமென்றால் பனைமரம் தேடுங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் ஆன்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளின் முனையை டேப் சுற்றி மூடுங்கள். உப்புக்காற்று ஒரே மழைக்காலத்தில் செம்பைக் கறுப்பாக்கிவிடுகிறது.

அடுத்து இரைச்சல். என் வீட்டில் சாயங்காலம் ஆறரை ஆனால் 40 மீட்டரில் எஸ் மீட்டர் 9 காட்டும் அளவுக்கு 'கொர்' என்று ஒரு சத்தம். மின்கம்பத்தைச் சந்தேகப்பட்டேன், பக்கத்து வீட்டு செட்டாப் பாக்ஸைச் சந்தேகப்பட்டேன், சோலார் பம்ப்செட்டைக்கூட விடவில்லை. நம் இளைய உறுப்பினர் ஒரு பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவோடு வந்தார். மீடியம் வேவில் ஸ்டேஷன் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, ரேடியோவை மெல்லத் திருப்பினார். உள்ளே இருக்கும் ஃபெரைட் கம்பியின் முனை சத்தம் வரும் பக்கம் நேராகும்போது சத்தம் அடங்கிவிடும். இரண்டு இடத்தில் நின்று பார்த்துவிட்டு, பேசாமல் எங்கள் மாட்டுக்கொட்டகைக்குள் நுழைந்தார். நான் வாங்கி மாட்டிய மலிவு எல்இடி பல்புதான்! அதற்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட்டில், இரைச்சலைத் தடுக்கும் ஃபில்டர் என்று ஒன்றுமே இல்லை. ஒயரை ஃபெரைட் வளையத்தில் எட்டுச் சுற்று சுற்றியதில் பாதி அடங்கியது, பல்பை மாற்றியதும் முழுசாக அடங்கியது. பக்கத்து வீட்டு அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது.

அமெச்சூர் வானொலி உரிமத் தேர்வு எழுதியவர்களில் இருவர் முதல் நிலையான ரெஸ்ட்ரிக்டட் தேறியிருக்கிறார்கள், உரிமம் இன்னும் கைக்கு வரவில்லை. அதற்கு மேல்நிலையான ஜெனரலுக்கு ஒருவர்தான் படிக்கிறார். நிமிடத்துக்கு எட்டு வார்த்தை மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிக் குறியீடு) என்றதும் மற்றவர்கள் நழுவிவிட்டார்கள். 12 வயது நிரம்பினாலே தேர்வு எழுதலாம் என்பதைப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு நினைவூட்டுகிறேன்.

சர்வதேச விண்வெளி நிலையம் 145.800 மெகாஹெர்ட்ஸில் படம் அனுப்பியபோது பள்ளிப் பிள்ளைகளை மொட்டை மாடிக்கு அழைத்திருந்தோம். நிலையம் தலைக்கு மேல் கடக்கும் பத்து நிமிடத்தில் ஒன்றரைப் படம் வந்தது. அந்த அரைப் படத்துக்குத்தான் பிள்ளைகள் அதிகம் சண்டை போட்டார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். புது பேட்டரி வாங்கியதால் இருப்பு குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று. ஆன்டெனா சரியாக இருக்கிறதா என்று அளந்து பார்க்கும் கழகத்தின் ஆன்டெனா அனலைசர் பொங்கலிலிருந்து அலமாரியில் இல்லை. எடுத்துப் போனவர் யாரென்று கேட்க மாட்டேன், ராத்திரியில் கொண்டுவந்து வைத்துவிட்டாலும் சரி. சாவி வழக்கமான இடத்தில்தான் இருக்கிறது.

செயலாளர்