நீ கேட்ட சர்க்கிள் சங்கதி

அன்புள்ள செல்விக்கு,

உன் லெட்டர் வந்துச்சு. வாட்ஸப்ல ரெண்டு வரி தட்டி விடாம பேனா பிடிச்சு பக்கம் பக்கமா எழுத இந்த வயசுல உனக்குத்தான்டி பொறுமை. இங்க எல்லாரும் சௌக்கியம். எனக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கு, பெரியவன் கும்பகோணத்துக்கு ட்ரான்ஸ்ஃபர் வாங்கிட்டு வந்துட்டான், அதனால ஞாயித்துக்கிழமைன்னா வீடு நிறைஞ்சு கிடக்கு, எனக்கு அடுப்படிய விட்டு வெளிய வர நேரமில்ல. ஆத்துல தண்ணி வந்துடுச்சு.

நீ கேட்டிருந்த விஷயத்துக்கு வர்றேன். நீ போயிருக்கிற ஸ்காட்லாந்து கிளாஸ்கோ ஊர்ல சப்வேன்னு ஓடுற சுரங்க ரயில்ல இன்னர் சர்க்கிள், அவுட்டர் சர்க்கிள்னு போர்டு இருக்கு, மருமகளக் கேட்டா "எதுல ஏறினாலும் போகும் அத்தை"ங்கறா, அப்புறம் எதுக்குடி ரெண்டு பேருன்னு எழுதியிருக்க. லண்டன்ல ஆக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸ்ல இறங்கி சர்க்கஸ் எங்கன்னு தேடின கதையும் படிச்சேன், சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி வந்துடுச்சு. சர்வீஸ் பூரா தபால் சர்க்கிள் ஆபீஸ்ல இருந்து வந்த சர்க்குலரத்தான படிச்சுட்டு இருந்தேன், எனக்கும் இந்த வார்த்தை மேல ஒரு கண்ணு உண்டு. அதனால கொஞ்சம் நீட்டி எழுதுறேன், திட்டாத.

ட்ரெயின் விஷயம் சுலபம். அந்த சப்வே 1896ல திறந்தது, அன்னைக்குப் போட்ட அதே ஒத்த வளையம்தான் இன்னைக்கும், எந்தப் பக்கமும் இழுத்து நீட்டல. மொத்தம் 15 ஸ்டேஷன். பக்கத்துல பக்கத்துல ரெண்டு சுரங்கம், ஒண்ணுல ட்ரெயின் கடிகார முள் போற பக்கம் சுத்தும், அது அவுட்டர். இன்னொண்ணுல எதிர்ப்பக்கம், அது இன்னர். முழு ரவுண்டுக்கு 24 நிமிஷம் ஆகும். மருமக சொன்னது சரிதான், எதுல ஏறினாலும் போய்ச் சேருவ, ஆனா அடுத்த ஸ்டேஷன்ல இறங்க வேண்டியவ தப்பான பக்கம் ஏறிட்டா ஊரையே ஒரு பிரதட்சணம் பண்ணிட்டுத்தான் இறங்கணும்.

லண்டன்லயும் மஞ்சக் கலர் போட்டு சர்க்கிள் லைன்னு ஒண்ணு இருக்கு பாரு, அது 1884ல முழு வளையமா முடிஞ்சது. ஆனா 2009 டிசம்பர்லேர்ந்து அது வளையமே இல்ல, ஹேமர்ஸ்மித்ல கிளம்பி ஊர ஒரு சுத்து சுத்தி எட்ஜ்வேர் ரோட்ல முடிஞ்சுடும். பேர மட்டும் யாரும் மாத்தல.

சர்க்கஸும் சர்க்கிளும் ஒரே வீட்டுப் பிள்ளைங்கதான். லத்தீன்ல சர்க்கஸ்னா வளையம், ரோம்ல தேர்ப்பந்தயம் ஓட்டின மைதானத்துக்கும் அதான் பேரு, அதுல குட்டி வளையம்னு சொல்றதுக்கு சர்க்குலஸ், அது பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்து சர்க்கிள் ஆச்சு. லண்டன்காரன் நாலு ரோடு சேர்ற இடத்த வட்டமா கட்டி அதுக்கும் சர்க்கஸ்னே பேர் வச்சான். நீ போன ஆக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸ் அப்படித்தான், பிக்கடிலி சர்க்கஸும் அப்படித்தான், அது 1819ல கட்டினது. ஆனா 1886ல பக்கத்துல புதுசா ஒரு ரோடு போடுறேன்னு இடிச்சதுல பிக்கடிலியோட வட்டம் போயிடுச்சு, பேர் மட்டும் நின்னுடுச்சு. யானை புலி காட்டுற சர்க்கஸ் தனிக் கதை. 1768ல ஃபிலிப் ஆஸ்ட்லின்னு பட்டாளத்துல குதிரை ஓட்டினவர், லண்டன்ல ஒரு வட்டமான களத்துல குதிரை மேல நின்னுக்கிட்டு வித்தை காட்ட ஆரம்பிச்சார். குதிரை வட்டமா ஓடினாத்தான் மேல நிக்கிறவனுக்கு பேலன்ஸ் கிடைக்கும், 42 அடி வட்டம்தான் அதுக்குத் தோதுன்னு கண்டுபிடிச்சு வச்சாங்க, இன்னைக்கும் சர்க்கஸ் கூடாரத்துல நடு வட்டம் அந்த அளவுதான். கூத்து என்னன்னா அவர் அதுக்கு சர்க்கஸ்னு பேரே வைக்கல, அவருக்குப் போட்டியா வந்தவங்க 1782ல ராயல் சர்க்கஸ்னு போர்டு மாட்டினாங்க, அந்தப் பேருதான் ஒட்டிக்கிச்சு.

இதையெல்லாம் சேத்துப் பாத்தா எனக்கு ஒண்ணு தோணுது செல்வி. ஸ்கூல்ல காம்பஸ் வச்சு வரைஞ்சோமே, நடுப்புள்ளியிலேர்ந்து எங்க அளந்தாலும் ஒரே தூரம்னு, அந்த வட்டம் கணக்கு டீச்சரோட போச்சு. வெளியில இந்த வார்த்தை வடிவத்தச் சொல்றத விட சுத்தி வர்றதத்தான் அதிகமா சொல்லுது. நம்ம ஊர்ல போலீஸ் சர்க்கிள் இன்ஸ்பெக்டர்னு சொல்றாங்களே, கிராமத்துல அந்த ஆளையே "சர்க்கிள் வர்றாரு"ம்பாங்க, அவரோட ஏரியாவ மேப்ல பாத்தா வட்டமாவா இருக்கும்? கோணல்மாணலா இருக்கும். நாலஞ்சு ஸ்டேஷன சுத்திப் பாக்கிற ஆளு, அவ்வளவுதான். இங்கிலாந்துல 12ஆம் நூற்றாண்டுல, இரண்டாம் ஹென்றி ராஜா காலத்துலயே, ஜட்ஜுங்க குதிரையில ஊர் ஊரா சுத்திப் போய் வழக்கு கேப்பாங்க. அந்த சுத்துக்குப் பேரு சர்க்யூட். இன்னைக்கும் அங்க வக்கீலுங்க 6 சர்க்யூட்டா பிரிஞ்சுதான் இருக்காங்க, அமெரிக்காவுல அப்பீல் கோர்ட்டுக்கே சர்க்யூட்டுன்னுதான் பேரு. நம்ம ஊர் சர்க்யூட் ஹவுஸ் இருக்கே, அதுவும் சுத்தி வர்ற அதிகாரிங்க ராத்திரி தங்குறதுக்குக் கட்டினதுதான். ரத்தம் ஒடம்புல சுத்தி வருதுன்னு 1628ல வில்லியம் ஹார்வே எழுதினார், அது சர்க்குலேஷன். பேப்பர் எத்தனை பேர் கைக்குப் போகுதுன்னு சொல்றதும் சர்க்குலேஷன். ஆபீஸ்ல டேபிள் டேபிளா சுத்துற தாளு சர்க்குலர். அதுக்கு சுற்றறிக்கைன்னு தமிழ்ல வச்சவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு போடணும்.

தமிழ்நாடு பூரா தபாலுக்கு ஒரே சர்க்கிள், பாண்டிச்சேரியும் அதுக்குள்ளதான், மேல ஒரு சீஃப் போஸ்ட்மாஸ்டர் ஜெனரல். அதைத் தமிழ்ல அஞ்சல் வட்டம்னு போட்டா மக்களுக்கு ஒண்ணும் புரியறதில்ல, ஏன்னா நமக்கு வட்டம்னா தாலுகா. கவனிச்சிருக்கியா, ஜில்லாவுக்கு மாவட்டம், தாலுகாவுக்கு வட்டம், ஃபிர்காவுக்குக் குறுவட்டம். பெரிய வட்டத்துக்குள்ள வட்டம், அதுக்குள்ள குட்டி வட்டம், எல்லாமே கோணல். அது போதாதுன்னு கட்சிக்காரங்க மெட்ராஸ்ல வார்டுக்கு வட்டச் செயலாளர்னு ஒருத்தரப் போட்டு அவருக்கு ஃபிளெக்ஸ் வேற வச்சுடறாங்க.

இதே அர்த்தத்துல வேற என்ன வார்த்தை இருக்குன்னு பேத்திக்கு ஹோம்வொர்க் வந்திருக்குன்னியே. ரிங், ரவுண்டு, டிஸ்க், லூப்னு எழுதிக் குடுத்தா டீச்சர் டிக் போட்டுடுவாங்க, ஆனா ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணு உக்காராது. ரிங்னா நடுவுல காலி, மோதிரம், வளையல் மாதிரி. டிஸ்க்னா உள்ள ரொம்பி தட்டையா இருக்கணும். ஸ்ஃபியர், குளோப், ஆர்ப் எல்லாம் உருண்டை, அதுல ஆர்ப் மட்டும் கவிதைக்காரங்க நிலாவுக்கும் கண்ணுக்கும் எடுத்துப்பாங்க, மத்தவங்க தொட மாட்டாங்க. லூப்னா முழு வட்டமா இருக்கணும்னு கட்டாயம் இல்ல, திரும்ப வந்து சேந்தா சரி. ரவுண்டுதான் எனக்குப் பிடிச்சது, அதுக்கு வெக்கமே கிடையாது, டாக்டர் ரவுண்ட்ஸ் போவார், போலீஸ் ரெண்டு ரவுண்டு சுடும், உங்க வீட்டுக்காரர் ஒரு ரவுண்டோட நிறுத்திக்குவேன்பார். ரிங்ல ஒரு வேடிக்கை உண்டு, பேத்திக்குச் சொல்லு. பாக்ஸிங் ரிங் சதுரம்! ஆதியில ஜனங்க வட்டமா நின்னு வேடிக்கை பாக்க நடுவுல சண்டை போட்டாங்க, 1838ல லண்டன்ல ரூல்ஸ் எழுதினப்ப பக்கத்துக்கு 24 அடின்னு சதுரமாக்கிட்டாங்க, ரிங்குங்கற பேர் அப்படியே தங்கிடுச்சு. வட்டத்த சதுரமாக்குறதுன்னா இங்கிலீஷ்ல ஆகாத காரியம்னு அர்த்தம், ஸ்கேலும் காம்பஸும் மட்டும் வச்சு ஒரு வட்டத்துக்கு சரியான பரப்புல சதுரம் வரையவே முடியாதுன்னு 1882ல லிண்டெமன்கற ஜெர்மன்காரர் நிரூபிச்சுட்டார். பாக்ஸிங்காரங்க அதுக்கு முன்னாடியே முடிச்சுட்டாங்க.

ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சமா இருக்கு, தூக்கமே வரலைன்னு புலம்பியிருக்க. அதுவும் சர்க்கிள் சமாசாரம்தான்டி. உனக்கு வடக்க ஆர்க்டிக் சர்க்கிள்னு ஒரு கோடு, பூமத்திய ரேகையிலேர்ந்து 66 டிகிரிக்குக் கொஞ்சம் மேல, அதுல ஜூன் 21 வாக்குல சூரியன் அஸ்தமிக்கவே அஸ்தமிக்காது. நீ இருக்கிறது 56 டிகிரி கிட்ட, அதனால உனக்குக் கொஞ்ச நேரமாவது இருட்டு கிடைக்குது. கெட்டியா ஒரு திரை வாங்கி ஜன்னல்ல மாட்டச் சொல்லு, மாத்திரையெல்லாம் போட்டுக்காத.

நம்ம பழைய சர்க்கிள்ல ஒரு விசேஷம், ராஜியோட பேத்திக்கு ஆவணியில கல்யாணம், மாப்பிள்ளை திருவாரூர்ப் பக்கம். பத்திரிகைய உன் வீட்டுப் பூட்டுல சொருகிட்டுப் போயிருக்கா, நான் எடுத்து வச்சிருக்கேன். அதுக்குள்ள திரும்பிடுவல்ல? டிக்கெட் போடுறப்ப முடிஞ்சா திருச்சிக்கே போடச் சொல்லு, மெட்ராஸ்ல இறங்கி பெட்டிய இழுத்துக்கிட்டு பஸ் ஏறுறதெல்லாம் நமக்கு இனிமே ஆகாது. பெரியவன் கார் எடுத்துட்டு வர்றேன்னு சொல்லியிருக்கான், தேதி மட்டும் முன்னாடியே எழுது.

அன்புடன்,
மங்கை