24 மாதம் கெடாது என்ற பெட்ரோல் ஸ்டெபிலைசர் பற்றிப் புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப் பிரிவு

பொருள்: குளிர்காலத்தில் காரை நிறுத்திவைக்க வாங்கிய பெட்ரோல் ஸ்டெபிலைசர், அதன் பின் ஏற்பட்ட கார்புரேட்டர் அடைப்பு, உங்கள் பிரிவு அனுப்பிய பதில் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

என் முதல் புகாருக்கு உங்கள் பிரிவிலிருந்து பதில் வந்தது. "பெட்ரோல் பழையதாக இருந்திருக்கலாம், அல்லது டேங்கில் தண்ணீர் சேர்ந்திருக்கலாம்" என்று இரண்டு வரியில் விஷயத்தை முடித்திருந்தார்கள். அந்தப் பதில் வந்திராவிட்டால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். பாட்டிலுக்கான பணத்தை மட்டும் கேட்டுவிட்டுப் போயிருப்பேன்.

என்னிடம் இருப்பது கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வைத்த பழைய கார். பனிக்காலத்தில் சாலையில் உப்பு கொட்டுவார்கள் என்பதால் அதை வெளியே எடுப்பதில்லை. இலையுதிர்காலக் கடைசியில் ஷெட்டுக்குள் போனால் வெயில் திரும்பிய பிறகுதான் வெளியே வரும். இத்தனை மாதம் டேங்கில் கிடக்கும் பெட்ரோல் கெடாமல் இருக்கத்தான் உங்கள் ஸ்டெபிலைசரை வாங்கினேன். பாட்டிலின் முன்பக்கத்தில் "எல்லா வகைப் பெட்ரோலுக்கும்", "24 மாதப் பாதுகாப்பு" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பக்கத்திலேயே தார்ப்பாய் போர்த்திய ஒரு பழைய காரின் படம். என் காரை மனதில் வைத்தே வரைந்த மாதிரி இருந்தது, நம்பினேன்.

பாட்டிலில் சொன்னபடியே எல்லாம் செய்தேன். முதலில் ஸ்டெபிலைசரை ஊற்றிவிட்டு, அதன்மேல் புதுப் பெட்ரோல் விழும்படி டேங்கைக் கிட்டத்தட்ட முழுசாக நிரப்பினேன். அப்போதுதான் இரண்டும் நன்றாகக் கலக்கும், மேலே காற்றுக்கு இடமும் குறையும். பங்க் ரசீது இணைப்பில் இருக்கிறது, தேதியைப் பாருங்கள். மூடியில் அளந்து முன்பக்க அட்டவணைப்படி ஊற்றினேன். பிறகு "கலந்த பெட்ரோல் கார்புரேட்டர் வரை போய்ச் சேர 10 நிமிடம் இன்ஜினை ஓடவிடவும், பிறகு அப்படியே நிறுத்திவைக்கவும்" என்ற உங்கள் வாசகப்படி ஓடவிட்டு நிறுத்தினேன். பேட்டரியைக் கழற்றி உள்ளே வைத்தேன். இடையில் ஷெட்டுக்குப் போய்ச் சும்மா ஸ்டார்ட் செய்து பார்க்கும் பழக்கமும் எனக்கு இல்லை. அப்படிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் ஆயில் சூடேறாது, சைலன்சரிலும் இன்ஜினுக்குள்ளும் ஈரம்தான் சேரும்.

வசந்தகாலத்தில் கார் கிளம்பவில்லை. சோக்கை முழுக்க இழுத்தால் ஒருமுறை பிடித்து உறுமும், சோக்கைத் தள்ளியதும் செத்துப்போகும். ஐடிலிங் என்ற பேச்சுக்கே இடமில்லை. மெக்கானிக் கார்புரேட்டரைப் பிரித்தபோது காரணம் கண்ணெதிரே இருந்தது. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கி நிற்கும் சிறு கிண்ணமான மிதவை அறையின் அடியில் தேன் நிறத்தில் பிசுபிசுவென்று ஒரு படலம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது பெட்ரோல் விடும் ஐடில் ஜெட்டின் துளை முழுவதும் அடைத்திருந்தது. ஊசித் துளை அளவுள்ள ஜெட்டில் கொஞ்சம் பிசின் போதும், இன்ஜின் மூச்சு விட முடியாது. படங்கள் இணைப்பில்.

இனி உங்கள் இரண்டு காரணங்களுக்கு வருகிறேன். பெட்ரோல் பழையதல்ல என்பதை ரசீதே சொல்லிவிடும். தண்ணீர் விஷயத்தில் நான் ஊகிக்கவில்லை, பார்த்தேன். டேங்கின் அடியிலிருந்து பெட்ரோலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஓர் இரவு அசையாமல் வைத்தேன். எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு ஒட்டிக்கொள்ளும். அந்தக் கலவை கனம் கூடியது என்பதால் கீழே இறங்கித் தனி அடுக்காக நிற்கும். 10 சதவீதம் எத்தனால் உள்ள பெட்ரோல் மிதமான வெப்பத்தில் கன அளவில் ஏறத்தாழ அரை சதவீதம் தண்ணீரைத் தாங்கும், குளிரில் அதைவிடக் குறைவாகத்தான் தாங்கும். அதனால்தான் பாட்டிலைக் குளிரான ஷெட்டிலேயே வைத்தேன். அடுக்கு எதுவும் பிரியவில்லை. நிறமும் பெரிதாகக் கறுக்கவில்லை. கெட்ட பெட்ரோலுக்கு ஒரு புளித்த வார்னிஷ் வாடை வரும், அதுவும் இல்லை.

ஆக, டேங்கில் இருந்த பெட்ரோல் பரவாயில்லை. கெட்டது மிதவை அறையில் இருந்த சிறிதளவு பெட்ரோல்தான். அதாவது, எங்கே நிற்கட்டும் என்று நீங்கள் சொன்னீர்களோ அங்கே நின்ற பெட்ரோல். என் புகாரின் சாரமே இதுதான்.

ஸ்டெபிலைசர் என்பதே ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை. பெட்ரோலில் உள்ள ஒலிஃபின் வகைச் சேர்மங்கள் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து பெராக்சைடாகின்றன, ஒன்று அடுத்ததைத் தூண்டிவிட, கடைசியில் பிசின் உண்டாகிறது. உங்கள் பாட்டிலில் உள்ள ஆக்சிஜனேற்றத் தடுப்பான் இந்தச் சங்கிலியை இடையில் அறுக்கிறது. நல்ல விஷயம். ஆனால் அந்த வேலையைச் செய்யச் செய்ய அது தீர்ந்துகொண்டே போகும். எவ்வளவு காற்று பட்டதோ அவ்வளவு சீக்கிரம் தீரும். டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்து, மேலே காற்று கொஞ்சமாக இருந்தால் நாள் கணக்கு நீளும். மிதவை அறை அப்படியா? அதில் இருப்பது மிகக் கொஞ்சம். வெளிக்காற்றுக்குத் திறந்த ஒரு துளை அதற்கு உண்டு, அது இல்லாமல் கார்புரேட்டர் வேலையே செய்யாது. அந்தத் துளை வழியே பெட்ரோலின் லேசான பகுதி முதலில் ஆவியாகிப் போகும், பிறகு மற்றதும் போகும். ஆவியாகாத கனமான மிச்சம் அடியில் தங்கிக் காய்ந்து பிசினாகும். பற்றாக்குறைக்கு உள்ளே பித்தளை ஜெட்டுகள். செம்பு இந்தக் கெடுதலை வேகப்படுத்தும் என்பது எரிபொருள் துறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே? ஆவியாகிப்போன பெட்ரோலை எந்தச் சேர்மானம் காப்பாற்றும்?

மூடிய எரிபொருள் அமைப்பும் இன்ஜெக்டரும் உள்ள இன்றைய கார்களுக்கு "10 நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள்" என்பது சரியான அறிவுரை. அங்கே பெட்ரோல் குழாய்க்குள் அடைபட்டு நிற்கும், காற்று எளிதில் தொடாது. கார்புரேட்டர் காருக்கு மிதவை அறையைக் காலி செய்யச் சொல்லியிருக்க வேண்டும். காலி செய்தால் கேஸ்கெட் காய்ந்து சுருங்கும் என்று தயங்கும் மெக்கானிக்குகளும் உண்டு, அந்த விவாதம் எனக்கும் தெரியும். ஆனால் நீங்கள் அந்த விவாதத்துக்குள் வரவே இல்லை. எல்லா வண்டிக்கும் ஒரே வாசகத்தை அச்சடித்துவிட்டு, பக்கத்தில் பழைய காரின் படத்தைப் போட்டுவிட்டீர்கள். வேடிக்கை என்னவென்றால், உங்கள் பதிலின் கடைசி வரியில் "நீண்டகால நிறுத்தத்துக்குக் கார்புரேட்டரைக் காலி செய்வது வாடிக்கையாளரின் பொறுப்பு" என்று இருக்கிறது. பாட்டில் ஒன்று சொல்கிறது, கடிதம் நேர்மாறாகச் சொல்கிறது. இரண்டில் எதை உங்கள் நிறுவனத்தின் வாக்காக எடுத்துக்கொள்வது?

அப்புறம், பின்பக்க லேபிள். அது இரண்டு அடுக்கு என்பதே வெளியே தெரியவில்லை, உரிக்க ஓர் அம்புக்குறிகூடக் கிடையாது. மெக்கானிக் கையில் பட்ட பெட்ரோலில் ஓரம் பெயர்ந்து வந்ததால்தான் உள்ளே இன்னொரு பக்கம் இருப்பது தெரிந்தது. அதில் பொடி எழுத்தில் இரண்டு விஷயங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இரு மடங்கு அளவு ஊற்ற வேண்டுமாம். 24 மாதம் என்பது காற்றுப் புகாத கலனில் வைத்த பெட்ரோலுக்கு மட்டுமாம். முன்பக்கத்தில் "எல்லா வகைப் பெட்ரோலுக்கும்" என்று சொல்லி ஒரே ஓர் அளவைக் கொடுத்துவிட்டு, இன்று பங்குகளில் பரவலாகக் கிடைக்கும் எத்தனால் பெட்ரோலுக்கான அளவை ஒளித்துவைப்பதை என்னவென்று சொல்வது? பழைய காரின் டேங்க் மூடி காற்றை உள்ளே விட்டு வெளியே விடும். பகலில் சூடேறினால் ஆவி வெளியேறும், இரவில் குளிர்ந்தால் ஈரக்காற்று உள்ளே வரும். அது எந்தக் கணக்கிலும் காற்றுப் புகாத கலன் இல்லை. படத்தில் நீங்கள் போட்ட காருக்கே உங்கள் உத்தரவாதம் செல்லாது என்றுதான் இதற்குப் பொருள்.

அந்த 24 மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் அறிய விரும்புகிறேன். பெட்ரோலின் நிலைத்தன்மையை அளக்க ஏஎஸ்டிஎம் டி525 என்ற சோதனை உண்டு. பெட்ரோலை மூடிய உலோகக் கலனில் ஆக்சிஜன் அழுத்தத்தில் 100 டிகிரி செல்சியஸில் வைத்து, எத்தனை நிமிடத்தில் அது ஆக்சிஜனை வேகமாக இழுக்கத் தொடங்குகிறது என்று பார்ப்பார்கள். ஐரோப்பிய பெட்ரோல் தரமான ஈஎன் 228 குறைந்தது 360 நிமிடம் கேட்கிறது. பெட்ரோலை ஒப்பிட்டுப் பார்க்கப் பயன்படும் சோதனை அது. அதன் நிமிடக் கணக்கை ஷெட்டில் நிற்கும் ஒரு காரின் மாதக் கணக்காக மாற்றிவிட முடியாது. நீங்கள் அந்த வழியில் கணக்குப் போட்டீர்களா, இல்லை உண்மையிலேயே வண்டி டேங்கில் ஊற்றி 24 மாதம் வைத்துப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் எந்த வகை வண்டி, எத்தனால் எவ்வளவு, பிறகு பிசின் எத்தனை மில்லிகிராம் என்ற விவரத்தை அனுப்புங்கள். 100 மில்லி பெட்ரோலில் 5 மில்லிகிராமுக்கு மேல் பிசின் இருக்கக் கூடாது என்பது அதே ஐரோப்பியத் தரத்தின் வரம்பு. உங்கள் சோதனையில் அது எவ்வளவு என்று ஒரு வரி போதும்.

இன்னொன்று. பாட்டிலில் நீர்த்துளியின் மேல் குறுக்குக்கோடு போட்ட ஒரு சின்னம் இருக்கிறது. தண்ணீர்ப் பிரச்சினையைத் தீர்க்கும் என்றுதான் யாரும் அதற்கு அர்த்தம் கொள்வார்கள். என் விஷயத்தில் தண்ணீர் காரணமில்லை, அதனால் இதில் எனக்கு நஷ்டமும் இல்லை. ஆனால் ஒருமுறை பிரிந்துவிட்ட எத்தனால்-தண்ணீர் அடுக்கை எந்த ஸ்டெபிலைசரும் மறுபடி பெட்ரோலோடு சேர்க்காது. அந்தச் சின்னத்தை நம்பி ஒருவர் பிரிந்த பெட்ரோலிலேயே வண்டியைக் கிளப்பினால், அடியில் நிற்கும் தண்ணீர்க் கலவைதான் முதலில் இன்ஜினுக்குப் போகும். அதைப் பற்றியும் யோசியுங்கள்.

நான் கேட்பவை அதிகமில்லை. கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்த கூலி, புது ஜெட், கேஸ்கெட் ஆகியவற்றின் தொகையை மெக்கானிக் பில்படி தர வேண்டும், பாட்டிலின் விலையையும் சேர்த்து. "பெட்ரோல் பழையது" என்று எழுதிய பதிலை எழுத்துமூலம் திரும்பப் பெற வேண்டும். ரசீதைப் பார்க்காமலே வாடிக்கையாளர் மேல் பழி போட்டது சரியல்ல. எத்தனால் பெட்ரோலுக்கான அளவும், காற்றுப் புகாத கலன் என்ற நிபந்தனையும், கார்புரேட்டர் வண்டிக்கான தனிக் குறிப்பும் முன்பக்கத்துக்கு வர வேண்டும். அடுத்த இலையுதிர்காலத்தில் கடைக்கு வரும் பாட்டில்களிலாவது வர வேண்டும், ஏனென்றால் அப்போதுதான் மக்கள் இதை வாங்குவார்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் உரிய பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் புகார் பதிவு செய்வேன். உங்கள் முதல் பதிலையும் அதோடு இணைப்பேன்.

பாட்டிலில் இன்னும் பாதிக்கு மேல் மீதி இருக்கிறது. மிதவை அறையிலிருந்து சுரண்டிய பிசினையும், டேங்கிலிருந்து பிடித்த பெட்ரோலையும் தனித்தனியாக மூடி வைத்திருக்கிறேன். உங்கள் ஆய்வகத்தில் பார்க்க விரும்பினால் ஆளை அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலைத் தபாலில் அனுப்ப முடியாது என்பதால் கொண்டுபோகும் செலவு உங்களுடையது. என் முன்னிலையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை என்னிடமே விட்டுவிட்டு எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்புகள்: பங்க் ரசீது நகல், மெக்கானிக் பில் நகல், கார்புரேட்டர் படங்கள், முன்பக்க லேபிள் மற்றும் உரித்த லேபிளின் படங்கள், பேட்ச் எண் தெரியும்படி பாட்டிலின் அடிப்பக்கப் படம், உங்கள் முதல் பதிலின் நகல்.