ஞாயிறு பயிற்சி: வெயில் ஏறும் முன் மாடிக்கு வந்துவிடுங்கள்

குழு நண்பர்களுக்கு வணக்கம். சோலார் வாட்டர் ஹீட்டர் பயிற்சியில் இந்த ஞாயிறு கண்ணாடிக் குழாய் சொருகும் வேலை. காலை 6 மணிக்கே தொடங்குகிறோம். வெறும் குழாய் வெயிலில் கிடந்தால் உள்சுவர் 100 டிகிரியைத் தாண்டிக் காய்ந்துவிடும். அதில் பச்சைத்தண்ணீர் பட்டதும் படாரென்று உடையும். சொருகும்வரை குழாய் அட்டைப்பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். நடுப்பகலில் தண்ணீர் நிரப்பவே கூடாது.

100 லிட்டர் டேங்குக்கு 58 மி.மீ. குழாய் 10 வரும். ரப்பர் வளையத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, திருகிக்கொண்டே தள்ளுங்கள். எண்ணெய் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். அடிமுனை வெள்ளிப்பூச்சு பால்போல் வெளுத்திருந்தால், குழாயின் இரண்டு கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே இருந்த வெற்றிடம் போய்விட்டது. அந்தக் குழாயை ஒதுக்குங்கள்.

குழாய் வரிசை தெற்குப் பார்க்க வேண்டும். வென்ட் பைப் (டேங்கின் ஆவியும் காற்றும் போய்வரும் குழாய்) மேல்தொட்டி நீர்மட்டத்தைவிட உயரமாக, வாய் திறந்தே நிற்க வேண்டும். அதில் வால்வு போட்டால் டேங்க் உப்பும், அல்லது உள்வாங்கி நசுங்கும். தயவுசெய்து இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம்.

சுடுநீர் லைனுக்குச் சாதா பிவிசி கூடாது, வளைந்து தொங்கிவிடும், சூடு தாங்கும் சிபிவிசி பைப்தான்.

சேலத்தில் உப்புப் போர்த் தண்ணீர் உள்ள வீடு என்றால் குழாயில் சுண்ணாம்பு படியும், கழுவும் வேலையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஏற்காட்டில் மூடுபனி நாட்களுக்கு மின்சார ஹீட்டரும் சேர்த்தே பொருத்த வேண்டும்.

ரசமட்டம், திசைகாட்டி, கையுறை கொண்டு வாருங்கள்.