கோவளம் முதல் சங்குதுறை வரை நடக்கும் வழியைக் காப்பாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கன்னியாகுமரிக்கு வருகிறவர்கள் சூரிய உதயம் பார்த்து, படகேறி விவேகானந்தர் பாறைக்குப் போய்விட்டு, மதியத்துக்குள் பஸ் பிடித்துவிடுகிறார்கள். அங்கிருந்து மேற்கே கோவளம், மணக்குடி, பள்ளம் வழியாகச் சங்குதுறை வரை கடலை ஒட்டியே ஒரு பகல் முழுக்க நடக்கலாம் என்பது, வெளியூர்க்காரர்களை விடுங்கள், நாகர்கோவிலில் இருக்கிற நம்மில் பலருக்கே தெரியாது. சமீபத்தில் நண்பர்களோடு அந்த வழியில் நடந்தேன், அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

புதிதாகப் பாதை போடச் சொல்லவில்லை. கரையில் நின்றே கரமடி வலை இழுப்பவர்களும் மீன்கூடை சுமக்கும் பெண்களும் நடந்து நடந்து உண்டான வழி ஏற்கெனவே இருக்கிறது, சில இடங்களில் மணல், சில இடங்களில் ஊருக்குள் தெரு, அவ்வளவுதான். அலைத்தடுப்புக் கற்கள் போட்ட இடங்களில்தான் அது அறுந்துபோகிறது. கல்லே வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, வாசல் வரை அலை வருகிறவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் கல் போடும்போதே அதன் பின்னால் ஓர் ஆள் நடக்க இடம் விட்டால் என்ன?

அப்புறம் மணக்குடி. பழையாறு சுசீந்திரம் தாண்டி வந்து கடலில் சேரும் பொழிமுகம். 2004 சுனாமி அங்கிருந்த பாலத்தையே அடித்துக்கொண்டு போனது, இப்போது இருப்பது பிறகு கட்டியது. அந்தப் பாலத்தில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் அசையாமல் கிடக்கும் காயல். கரையோரம் கண்டல் செடிகள் வேரை ஊன்றி நிற்கின்றன, சேற்றில் கதம்பல், அதாவது தேங்காய் மட்டை, ஊறும் வாடை வருகிறது, ஆழம் குறைந்த இடத்தில் நெடுங்கால் உள்ளான்கள் சிவந்த காலை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து இரை தேடுகின்றன. மேலே போனால் சுசீந்திரம், தேரூர் குளங்கள், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்த்தார்களே, அவைதான். அந்தக் குளங்களுக்குக் கொடுத்த மரியாதையில் பாதியாவது இந்தப் பொழிக்கும் கிடைக்க வேண்டும்.

கிடைப்பது என்ன தெரியுமா? பாலத்துக்குக் கீழே சாக்கு மூட்டையில் கோழிக் கழிவு. ஆற்றோடு வந்த ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பாட்டிலும் பின்னிக்கொண்டு கரையில் ஒதுங்கிக் கிடக்கின்றன, அதை விலக்கிக்கொண்டு ஒருவர் வலை வீசுகிறார். பார்க்கவே வயிறு எரிந்தது.

இன்னொன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. கோடையில் மணல் திட்டு பொழியை அடைத்துவிடும், அப்போது அதன் மேலேயே மறுகரைக்கு நடந்து போகிறார்கள். மழை பெய்து ஆற்றில் தண்ணீர் ஏறினால் அதே திட்டு உடைத்துக்கொள்ளும். அங்கே வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் எங்களைக் கூப்பிட்டு, "மக்களே, பொழி நேத்து கெடந்த மாதிரி இன்னைக்குக் கெடக்காது, கேட்டியளா? பாலத்தைச் சுத்திப் போங்க" என்றார். உள்ளூர்க்காரர்களுக்கு இது தெரியும், புதிதாக வருகிறவனுக்கு யார் சொல்வது? 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரைக் கடல் கொண்டுபோனதை இந்த மாவட்டம் மறந்திருக்காது. கரையில் எந்த அறிகுறியும் இல்லாமல் திடீரென்று பெரிய அலை எழும் கள்ளக்கடல் பற்றிய எச்சரிக்கை அப்போது வந்துதான் இருந்தது, கடலில் கால் நனைக்கப் போகிறவனின் கண்ணில் அது பட வேண்டாமா? பொழியின் இரு கரையிலும், ஒவ்வொரு ஊர்க் கடற்கரையிலும் தமிழில் பெரிய எழுத்தில் பலகை வையுங்கள். பொழி திறந்திருக்கிறதா, அன்றைக்குக் கடல் எப்படி என்று அதில் தினமும் எழுதிப்போட அந்தந்த ஊர் இளைஞர் ஒருவருக்குச் சம்பளம் கொடுங்கள்.

நடைபாதை என்றதும் டைல்ஸ் பதித்து, செல்பி எடுக்க இடம் கட்டி, வண்டி நிறுத்த மணலை நிரவிவிடுவார்களோ என்ற பயமும் எனக்கு இருக்கிறது. தயவுசெய்து அது வேண்டாம். திசை காட்டும் கல், குடிதண்ணீர், பெண்களுக்கும் உதவும் ஒரு கழிப்பிடம், இவை போதும்.

முதலில் மணக்குடிப் பாலத்தின் இரு பக்கமும் உயரமாகக் கம்பி வலை அடித்து, கழிவு கொட்டுகிறவர்களுக்கு அபராதம் போட வேண்டும். அடுத்த மழையில் பொழி திறப்பதற்குள் கரையில் கிடப்பதை அள்ளிவிட்டால், அவ்வளவும் கடலுக்குப் போவதைத் தடுக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாகர்கோவில்